காத்தூத்தின் கனம்

ஆடி பிறந்த மூன்றாம் நாள் காலையில் ரைஸ்மில் ஆவுடையப்பன், நூற்றுப் பத்துக் கிலோ உடம்பும் கழுத்துச் சங்கிலியும் கையில் பாதி குடித்த டீ கிளாஸுமாக, ஊரே பார்த்துக்கொண்டிருக்க டீக்கடை பெஞ்சிலிருந்து எழும்பி, வேப்பமரத்தைத் தாண்டி, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் போய்த் தொற்றிக்கொண்டான். டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கொம்பையா அதையெல்லாம் கவனிக்கவில்லை. மேலே போனவன் தன் மச்சினன் ஆவுடையப்பன்தானா என்பதை மட்டும் கண்ணைச் சுருக்கி உறுதி செய்துகொண்டு, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

காத்தூத்து, மலை இரண்டாகப் பிளந்த கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிற ஊர். ஆடி மாதம் அந்த ஊரில் துணி காயப்போட்டால் அடுத்த ஊரில் போய்த்தான் எடுக்கவேண்டும். காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் வந்து வயலெல்லாம் ராட்சதக் காற்றாடிகளை நட்ட பிறகு கொம்பையாவுக்கு அதில் காவல் வேலை கிடைத்தது. ஆள் தென்னை ஈர்க்கு மாதிரி இருப்பார். அதனால் கல்யாணமான நாளிலிருந்து ஆடி மாதத்தில் தெருவில் போகவேண்டுமானால் மனைவி மாடத்தியை முன்னே விட்டு, அவள் முதுகு மறைவில் ஒண்டிக்கொண்டே நடப்பார். "பொண்டாட்டி மறைவுல போற வண்டி" என்று ஊர் சிரித்தது. யார் யார் சிரித்தார்கள், எந்த இடத்தில் வைத்துச் சிரித்தார்கள், சிரிக்கும்போது யார் தொடையைத் தட்டினார்கள் என்பது வரை கொம்பையா மறக்கவில்லை. ஆவுடையப்பன் பறந்த அன்றைக்கும் அவர் பால் வாங்க வந்த மாடத்தியின் மறைவில்தான் நின்றிருந்தார். அதனால்தான் தரையில் நின்றிருந்தார்.

மாடத்தி தொட்டிக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏல ஆவுடை, அங்க என்னல செய்யுத?"

"யக்கா, நான் என்ன செய்ய? காத்து தூக்கிட்டு."

"கிளாஸைக் கீழ போட்டுராத. கடைக்காரன் கத்துவான்."

சொல்லிவிட்டு முந்தானையை உதறி மேலே வீசினாள். ஆவுடையப்பன் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, மழைக்காலத்துக் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி, மெல்ல மெல்ல இறங்கி வந்தான். சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள்தான். அவனுடைய சொந்தத் தொப்பை, ஊரிலேயே பெரிய தொப்பை, அன்றைக்கு அவனுக்கு ஒரு ஆமணக்கு விதையின் உபகாரம்கூடச் செய்யவில்லை.

முதலில் ஆண்கள் தங்கள் புத்தியைக் கொண்டு சமாளிக்கப் பார்த்தார்கள். சட்டைப்பையில் மணலை நிரப்பினார்கள், மணலோடு பறந்தார்கள். இடுப்பில் அம்மிக் கல்லைக் கட்டினார்கள்; அம்மியும் பறந்தது. அது பழமொழியில் முன்னமே சொல்லியிருந்த விஷயம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காளைகள் பறந்தன, பசுக்கள் நின்றன. சேவல்கள் போயின, பேடுகள் கிளறிக்கொண்டிருந்தன. பஞ்சாயத்துத் தலைவர் தீர்மானம் வாசிக்க எழுந்தவர், வாசித்து முடிக்கும்போது மின்கம்பத்தின் உயரத்தில் இருந்தார். அவருடைய அம்மா வந்து கையை நீட்டித்தான் இறக்கினாள். அதற்குள் ஊருக்குக் கணக்கு புரிந்துவிட்டது. தரையில் நிற்கிறவனை எந்தப் பெண்ணின் முந்தானையும் நிறுத்திவைக்கும். மேலே போய்விட்டவனை மட்டும் அவனையோ அவனுக்காகவோ சுமந்தவள் கைதான் இறக்கும், வயிற்றில் சுமந்தாலும் சரி, இடுப்பில் சுமந்தாலும் சரி, வாழ்க்கையில் சுமந்தாலும் சரி.

பிறகு அது பழகிப்போயிற்று, எதுவும் பழகிப்போகிற மாதிரி. தையல்காரர் சேலை முந்தானையில் காது வைத்துத் தைக்கத் தொடங்கினார், பிடித்துக்கொள்ளத் தோதாக. டீக்கடையில் பெஞ்சுக்கு ஒரு பெண் உட்கார்ந்தாள், அவளுக்கு டீ இலவசம். பெண்டாட்டியோடு சண்டை போட்டவர்கள் ஆடி முடியும்வரை வீட்டுத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார்கள், அல்லது சண்டையை விட்டார்கள். அனேகம் பேர் விட்டார்கள். குதிரு, அண்டா, ஆட்டுரல் என்று பெண்களுக்கு ஊர் வைத்திருந்த பட்டப்பெயர்களெல்லாம் அப்படியே இருந்தன, ஆனால் கூப்பிடுகிற குரல் மாறிவிட்டது. "ஆட்டுரல் மதினி, ஒரு எட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு விடுதீகளா?" என்று, முன்பு அந்தப் பெயரை வைத்தவனே வாசலில் பணிவாக நின்றான்.

பெண்களுக்குத் தங்கள் உடம்பின் கதை அந்த ஆடியில்தான் புரிந்தது. வயசுக்கு வராத சிறுமிகள் தும்பைப்பூ போலப் பறந்தார்கள். ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியுமாக ஊட்டி எழுப்பிய பெண்ணுக்கு, இடுப்பிலும் தொடையிலும் புதிதாக ஏறிய சதை முதல் முறையாகத் தரையைப் பிடித்துக்கொண்டது. பாவாடை இறுகிவிட்டதே என்று அழுத பிள்ளைகள், அந்த இறுக்கத்தோடு எதிர்காற்றில் தனியாக நடந்து பள்ளிக்கூடம் போனார்கள். கல்யாணமாகி வந்த வருஷத்தில் கன்னமும் கையும் பூரித்தவளுக்கு, பூரித்த அளவு ஒரு புருஷனை நிறுத்தப் போதுமானதாக இருந்தது. பிள்ளை பெற்றவளின் வயிறு ஏன் பழையபடி உள்ளே போகாமல் நிற்கிறது என்று யாரும் இனிக் கேட்கவில்லை. பச்சைப்பிள்ளையின் தொட்டில், உத்தரத்திலிருந்து கீழே தொங்காமல் உத்தரத்தைப் பார்த்து மேலே தொங்குகிற ஊரில், அந்த வயிறு இல்லாவிட்டால் பிள்ளை கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். எல்லோரையும்விடக் கனமாக நின்றவர்கள், மாதவிலக்கு நின்ற பிறகு காரணமே தெரியாமல் பெருத்தவர்கள். அரை வயிறு சாப்பிட்டும் ஏறிய சதை அது. ரவிக்கைத் தையலைப் பிரித்துப் பிரித்து ஓய்ந்துபோய், கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தவர்கள் அவர்கள். மாடத்தி தெருமுனையில் நின்றால், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடமே வரிசையாகப் போனது.

"எதுக்கு ஏறுதுன்னு அப்பத் தெரியல," என்றாள் அவள், காற்றில் ஒரு மயிர்கூட அசையாமல் நின்றபடி. "பத்து வருஷமா எனக்கு நானே ஏசிக்கிட்டுக் கிடந்தேன். இப்பத் தெரியுது."

கொம்பையாவுக்கு அது முப்பது வருஷமாகத் தெரியும். இப்போது தெருவில் போகும்போது, சிரித்தவர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் கொஞ்சம் நின்று, தொண்டையைச் செருமி, அவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்த பிறகே நகர்ந்தார்.

அவருக்கு அந்த ஆடியில் இருந்த ஒரே கவலை மகள் செண்பகம். தலைப்பிரசவத்துக்கு வந்தவள், பெண் பிள்ளை பெற்று, ஐந்தாம் மாதத்தில் புருஷன் வந்து கூட்டிப்போவதற்காகக் காத்திருந்தாள். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது ஆவுடையப்பன். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் காதுபட, "எங்க மருமவ நூல் மாதிரி, ஊதுனாப் பறந்துருவா, சோத்துச் செலவே கிடையாது" என்று, சந்தையில் கன்றுக்குட்டியைத் தட்டிக் காட்டுகிறவன் மாதிரி சொல்லிச் சிரித்தவன். கொம்பையா மறக்கவில்லை. மாப்பிள்ளை பெயர் இசக்கிராஜ். சென்னைக்கு வேலைக்குப் போனதும் இசக்கியை இறக்கி வைத்துவிட்டு வெறும் ராஜ் ஆனவன். பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது, "என்ன இப்படி ஆயிட்ட, அப்படியே உங்க அம்மா மாதிரி? பழைய மாதிரி ஆனதும் சொல்லு, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று அவன் சொன்னது, வெளியே கயிறு திரித்துக்கொண்டிருந்த கொம்பையாவின் காதில் விழுந்தது. அவர் திரித்துக்கொண்டிருந்த கயிறு அந்த இடத்தில் முறுக்கேறி, எத்தனை இழுத்தும் நேராகவில்லை.

அன்றிலிருந்து செண்பகம் சாப்பிடவில்லை. சாப்பிடுகிற மாதிரி இருந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு மாடத்தி கிண்டிய மருந்தும் களியும் தட்டில் வைத்தது வைத்தபடி காலியானது. ஆனால் கொல்லையில் கோழிகள் கூரைக்குத் தாவுவதை நிறுத்திவிட்டன. முன்பு தாவிப் பறந்த பேடுகள் கருங்கல் மாதிரி உட்கார்ந்து, நடக்கும்போது குழி விழ நடந்தன. கொம்பையா கோழிகளைப் பார்த்தார். மகளின் காலைப் பார்த்தார். முற்றத்து ஈரமண்ணில் அவள் முன்பாதம் மட்டும்தான் பதிந்திருந்தது, குதிகால் பதியவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், பிள்ளையோடு சேர்ந்து பாயிலிருந்து எழும்பி, உத்தரத்தில் தலை இடிக்க மிதந்தாள். மாடத்தி ஓடி வந்து காலைப் பிடித்து இழுத்தாள். கூரை ஓடு இரண்டு பெயர்ந்து போயிருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

"ஏட்டி, நீ பறக்கது உன் இஷ்டம். மடியில பச்சைப்பிள்ளையை வச்சுக்கிட்டுப் பறப்பியா?"

"நான் என்னம்மா செய்ய? இப்படியே போய் நின்னா வாசல்லயே நிப்பாட்டிருவாரு."

"நிப்பாட்டட்டும். நிக்கதுக்கு ஒரு கனம் வேணும்லா? அதுகூட இல்லாமலா போவ?"

செண்பகம் அழுதாள். அழ அழ இன்னும் லேசானாள். மாடத்தி அவளைத் தன் இடுப்போடு சேர்த்து ஒரு பழைய சேலையால் கட்டிவிட்டாள். ஆடி போவதற்குள் மகளும் பேத்தியும் போய்விடுவார்களோ என்று கொம்பையா காற்றாலைக் காவலுக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆடிப்பெருக்கு அன்று இசக்கிராஜ் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க்காரர்களைப் பத்திரமாக இறக்கக் கூடியிருந்த பெண்களில் மாடத்தியும் இருந்தாள், இடுப்பில் கட்டிய மகளோடும், மகள் தோளில் தூங்கும் பேத்தியோடும், முதுகு மறைவில் ஒண்டிய கொம்பையாவோடும். அவன் ஒரு கையில் பையும் மறு கையில் ஒரு சதுரப் பெட்டியுமாகப் படிக்கட்டில் நின்றான்.

"வாங்க மாப்ள. முந்தானையைப் பிடிச்சுக்கிடுங்க," என்றாள் மாடத்தி.

"என்ன அத்தை இது? ஊரே பார்க்குது."

"ஊரே பிடிச்சிருக்கு. நீங்களும் பிடிங்க."

அவன் சுற்றிலும் பார்த்தான். போலீஸ்காரர் முதல் பூசாரி வரை ஆளுக்கொரு முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அதில் ஒரு விசேஷமும் இல்லாத மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் உதட்டைச் சுழித்தான். செண்பகத்தை மேலும் கீழும் பார்த்து, "பரவாயில்லையே, எடை இறங்கியிருக்கு. மெஷின் வாங்கிட்டு வந்திருக்கேன், நிறுத்துப் பாத்துரலாம்" என்று பெட்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே காலைத் தரையில் வைத்தான். வைத்த கால் தரையில் நிற்கவில்லை. பை ஒரு பக்கம் போக, பெட்டி கீழே விழ, அவன் பஸ்ஸின் கூரையில் ஒரு உதை உதைத்து, மேலே மேலே போய், பஸ் ஸ்டாண்டுப் புளியமரத்தின் உச்சிக்கொம்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. கொம்பு ஒடிந்தால் நேரே அந்த இறக்கைகளுக்குத்தான் போவான் என்பது கொம்பையாவுக்குத் தெரியும். காவல்காரருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

"ஏ இசக்கியம்மா!" என்று மேலேயிருந்து ஒரு அலறல் கேட்டது. சென்னையில் இறக்கி வைத்த பெயரை அவன் அங்கே வைத்துத்தான் மறுபடியும் எடுத்தான்.

மாடத்தி முந்தானையை வீசினாள். அவன் எட்டிப் பிடித்தான், ஆனால் இறங்கவில்லை. முந்தானைதான் அவன் கையிலிருந்து நழுவி வந்தது. "என் கைக்கு வரமாட்டாரு," என்றாள் அவள். "பெத்தவ இருந்தா பெத்தவ கை. அந்த மகராசி போய்ச் சேந்துட்டா. அவரு பிள்ளையைச் சுமந்தவ கைதான் பாக்கி."

எல்லோரும் செண்பகத்தைப் பார்த்தார்கள். அவள் பிள்ளையை அப்பாவிடம் கொடுத்தாள்; கொம்பையா பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு மாடத்தியின் மறைவில் நின்றார். செண்பகம் கட்டிய சேலையைத் தளர்த்தி மரத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். நீட்டிய கையோடு அவளும் எழும்பத் தொடங்கினாள். கட்டு இறுகி மாடத்தி அவளைக் கீழே இழுத்தாள். மறுபடி நீட்டினாள், மறுபடி எழும்பினாள். கொம்பு முறிகிற சத்தம் ஒன்று கேட்டது.

"செண்பகம்! சீக்கிரம்!"

செண்பகம் அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பஸ் ஸ்டாண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"யம்மா, களி இருக்கா?"

அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்த மாதிரி பெண்கள் நாலு பக்கமும் ஓடினார்கள். ஆட்டுரல் மதினி உருளியோடு உளுந்தங்களி கொண்டுவந்தாள், நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி. ஒருத்தி கருப்பட்டியை உடைத்தாள். ஒருத்தி நாட்டுக்கோழி முட்டை அவித்துக் கொண்டுவந்தாள், ஒருத்தி தேங்காய்ப்பால் கஞ்சி, ஒருத்தி ஆற்றங்கரைக்கு வைத்திருந்த சித்திரான்னத்தை அப்படியே தூக்குவாளியோடு. பெருக்குக்குப் படைக்க வைத்ததாயிற்றே என்று பூசாரி வாயைத் திறந்தார், பிடித்திருந்த முந்தானை லேசாக அசைந்தது, வாயை மூடிக்கொண்டார். செண்பகம் சாப்பிட்டாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு உருண்டையாக எண்ணெயில் தோய்த்து, மென்று, விழுங்கி, விரலைச் சப்பி, அடுத்த உருண்டையை எடுத்தாள். பஸ் கிளம்பவில்லை. ஊர் மூச்சுவிடவில்லை.

"ஏய், என்னடி பண்ற?"

"இருங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்லா."

"கிளை ஒடியுது செண்பகம்!"

"நானும் ரெண்டு மாசமா ஒடிஞ்சேன். பிடிச்சுக்கிடுங்க, வாரேன்."

அங்கே முந்தானைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆண்களில் யாரோ சிரித்தார்கள். ஆவுடையப்பன்தான் என்று பார்த்தவுடன் கொம்பையாவுக்குத் தெரிந்தது. பேத்தி தோளில் தூங்கியதால் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டார். ஒவ்வொரு உருண்டைக்கும் மகள் உட்கார்ந்திருக்கிற விதம் மாறுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சேலை ஓரம் படபடப்பதை நிறுத்தியது. பிறகு பின்னல் தோளில் படுத்துக்கொண்டது. பிறகு அவளைச் சுற்றியிருந்த புழுதி, மழைக்கு முன்னால் அடங்குகிற மாதிரி அடங்கியது. வயசுக்கு வந்தபோது ஏறிய சதையும், வாழப்போன வருஷம் ஏறிய சதையும், பிள்ளைக்காக ஏறி, அவளே கோழிகளுக்குப் போட்டுவிட்ட சதையும் ஒன்றன்பின் ஒன்றாக, வீட்டுக்குத் திரும்பும் மாடுகள் மாதிரி, தத்தம் இடம் தெரிந்து வந்து அடைந்தன. அவள் கை கழுவி எழுந்தபோது உட்கார்ந்த இடத்தில் சிமென்ட் தரை கீறியிருந்தது.

கட்டியிருந்த சேலையை அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்தாள். மரத்தடிக்கு நடந்தாள். முன்பாதமும் பதிந்தது, குதிகாலும் பதிந்தது, குதிகால் பதிந்த குழியில் ஊற்று கசிந்தது. கை எட்டுவதற்கு ஒரு சாண் குறைந்தது. சுற்றிலும் பார்த்து, அவன் கொண்டுவந்த பெட்டியைக் காலால் இழுத்து, அதிலிருந்த எடை மெஷினை மரத்தடியில் கவிழ்க்காமல் போட்டு அதன் மேல் ஏறினாள். முள் சுற்றியது. எண்கள் தீர்ந்த இடத்தையும் தாண்டிச் சுற்றியது. கண்ணாடி பிளந்து, ஸ்பிரிங் நாலு பக்கமும் தெறித்து, மெஷின் அவள் காலடியில் தகடாகப் படுத்துக்கொண்டது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"முந்தானையைப் பிடிங்க," என்றாள்.

அவன் பிடித்தான். அதே நேரம் கொம்பு ஒடிந்து காற்றாடிப் பக்கம் பறந்து, தூள் தூளாக அடுத்த ஊரில் விழுந்தது. அவன் மட்டும், பட்டத்தை நூல் சுற்றி இறக்குகிற மாதிரி, கைமாற்றிக் கைமாற்றி இழுத்த இழுப்பில் இறங்கி வந்து, அவள் பக்கத்தில் நின்றான். பிறகு மகளைத் தூக்கக் கை நீட்டினான். கொம்பையா பேத்தியைக் கொடுக்கவில்லை.

"முதல்ல காலைத் தரையில நல்லா ஊணும்," என்றார். "பிறகு பாப்போம்."

ஆவணி பிறந்து, காற்று நின்று, ஆண்களெல்லாம் பழையபடி தனியாக நடக்கத் தொடங்கிய பிறகுதான் செண்பகம் கிளம்பினாள். எப்போது கிளம்புவது என்று அவள்தான் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வரை இசக்கிராஜ் அவள் முந்தானையின் காதைப் பிடித்துக்கொண்டே வந்தான். "காத்துதான் நின்னுட்டே மாப்ள, விடலாமே" என்று டீக்கடையிலிருந்து ஆவுடையப்பன் சொன்னதற்கு, "இருக்கட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்த ஒரு பதிலுக்காகக் கொம்பையா மருமகனைக் கொஞ்சம் மன்னித்தார். ஆவுடையப்பனை மன்னிக்கவில்லை. கல்யாணத்தன்று சொன்ன சொல் அப்படியேதான் இருந்தது.

செண்பகம் இடது காலைப் படிக்கட்டில் வைத்தாள். பஸ் முனகிக்கொண்டு இடது பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கத்து டயர்கள் ரோட்டில் புதைந்தன. வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்கள்.

"யாருய்யா அது?" என்று கண்டக்டர் முன்பக்கத்திலிருந்து கத்தினார். "வண்டி சாயுதுவே!"

கொம்பையா மாடத்தியின் மறைவிலிருந்து வெளியே வந்தார். தோள்துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். டீக்கடை, ரைஸ்மில், கோயில், பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் கேட்கிற குரலில், முப்பது வருஷத்துக் குரலில் சொன்னார்.

"சாயட்டும்வே! ஏறியிருக்கது எம்மவ."